நடுவில் எடுத்த வயர்

தச்சநல்லூர் பைபாஸில்
தார் இளகுகிற நேரத்துக்கு லாரி வந்து நின்றது.
ஓட்டுநர் பெயர் வண்டிமலையான்.
பெயரிலேயே வண்டி இருந்தும்
ஆறு மாதத்துக்கு ஒரு பேட்டரி செத்துப்போகிறதாம்.
அதுவும் எர்த் பக்கம் இருக்கிறது மட்டும்.
"கம்பெனிக்காரன் ஏமாத்துதான் எமிக்கா."

பெட்டியைத் திறந்தேன்.
இரண்டு பன்னிரண்டுகள்
கைகோத்து இருபத்துநாலாய் உட்கார்ந்திருந்தன.
கோத்த கையிலிருந்து
ஒரு சிவப்பு வயர் கிளம்பிக் கேபினுக்குள் ஏறியது.
பாட்டுப்பெட்டிக்கு.
குட்டி ஃபேனுக்கு.
இசக்கியம்மன் படத்தைச் சுற்றி மினுங்கும் பல்புகளுக்கு.
கிளீனர் பையன் போனுக்கு.
எல்லாம் பன்னிரண்டு வோல்ட் கேட்பவை.
எல்லாம் ஒன்றின் தலையில்.

மீட்டரை முழுசாக வைத்துப் பார்த்தால்
இருபத்துநாலு புள்ளி ஒன்று.
ஒரு குறையும் இல்லை.
தனித்தனியே வைத்தேன்:
பதிமூன்று.
பதினொன்று புள்ளி ஒன்று.

ஆல்டர்னேட்டருக்கு யாருக்குப் பசி என்று தெரியாது.
இரண்டுக்கும் ஒரே கரண்ட்டை ஊட்டும்,
கூட்டுத்தொகை நிறைந்ததும் கையைக் கழுவிக்கொள்ளும்.
கீழது அரைவயிற்றோடு கிடக்க
மேலது வேண்டாம் வேண்டாம் என்றே தின்று
தண்ணீர் கொதித்து மூடி வழியாக வற்றுகிறது.

"ஒரு ரெசிஸ்டன்ஸ் போட்டு இறக்கிவிடுங்கக்கா."
"பாட்டு ஓடுற வரைக்கும் பன்னிரண்டு நிக்கும்.
நீ பாட்டை நிறுத்தினா
இருபத்துநாலும் வாசல்ல வந்து நிக்குமே,
அப்போ என்ன செய்வ?"
அவன் வாயைத் திறக்கவில்லை.
பாட்டு இல்லாமல் அவன் எந்தக் கணவாயும் ஏறியதில்லை.

போனுக்குப் பையனே ஒன்று மாட்டியிருந்தான்.
மூன்று கால் ரெகுலேட்டர், முதுகில் அலுமினியத் தகடு.
ஐந்தைக் கொடுக்க ஏழை எரிக்கிற ஜாதி.
தொட்டேன், சுட்டது.
தகட்டின்மேல் இலையில் கட்டிய புரோட்டாப் பொட்டலம்.
"கயத்தாறுல வாங்குனது, இன்னும் ஆறல" என்றான் பெருமையாக.

நான் போட்டது வேறு.
நெல்லைக் கால்வாயில் ஷட்டரைத் திறந்து மூடி
திறந்து மூடி விட்டாலும்
நயினார்குளத்துக்கு அது தெரியவா போகிறது?
அப்படித்தான் இதுவும்.
நொடிக்கு லட்சம் தடவை கதவு அடித்துக்கொள்ளும்.
செம்புக் கம்பி சுற்றிய வளையம்
பாய்கிறதைப் பிடித்துவைத்து, நிற்கும்போது தள்ளிவிடும்.
கெபாசிட்டர் குளமாகக் கிடக்கும்.
பாதி நேரம் மூடியே இருந்த கதவுக்கு அப்பால்
அலையில்லாத பன்னிரண்டு.
இரண்டு பேட்டரியும் சேர்ந்து கொடுக்கிற பன்னிரண்டு.

ஸ்க்ரூவை முறுக்கும்போது போன் அடித்தது.
அம்பத்தூரிலிருந்து தம்பி, ஜெபசிங்.
அப்பாவுக்கு மூன்றாவது மிக்ஸி அனுப்பியிருக்கிறானாம்.
டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு எதற்கடா மிக்ஸி?
"வேற என்னக்கா செய்ய,
நீ ஒண்ணும் கேக்கவே மாட்டிக்க."

வாரம் இரண்டு நாள் ஹைகிரவுண்ட்.
மாத்திரை, ஆட்டோ, ராத்திரி விழிப்பு, கடை.
சர்ச்சில் யார் விசாரித்தாலும்
"பிள்ளைகள் ரெண்டு பேரும் நல்லா பாக்காங்க" என்பார் அப்பா.
இருபத்துநாலு புள்ளி ஒன்று.

நடுவில் வயர் எடுத்தது யாரென்று
இத்தனை நாளும் அவனைத்தான் நினைத்திருந்தேன்.
"செவ்வாய்க்கிழமை நீ வா" என்றேன்.
"நீயே கூட்டிட்டுப் போ."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல்.
"எத்தன மணிக்குக்கா?"

கேட்டது ஆயிரத்து எண்ணூறு.
வண்டிமலையான் இருநூறைப் பிடித்துக்கொண்டு
"வாறப்ப தாறேன்" என்றான்.
பழைய வயரை வெட்டிச் சுருட்டினேன்.
பையன் புதுப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து
கொஞ்சம் காத்திருந்து பார்த்தான்.
"சுடவே இல்லையேக்கா.
புரோட்டாவ எங்க வைக்க?"